அஞ்சரைக் கட்டை

சன்னலோரம் நீயே உக்காந்துக்க தாயி. எனக்குக் காத்து ஆகாது, தொண்டைக்கு. தலையில முக்காடு போட்டிருக்கிறதைப் பாத்துட்டு காய்ச்சல்காரின்னு நினைச்சிராத. முப்பத்தேழு வருசமா பஸ்ஸுல நான் இப்படித்தான். கழுத்தைச் சுத்தி ஒரு துண்டு, கையில வெந்நி. தயிர் சாப்பிட்டு எத்தனை வருசம் ஆச்சுன்னு கேட்டா எனக்கே தெரியாது. எல்லாம் இந்தத் தொண்டைக்குத்தான். அது என்ன செஞ்சுச்சுங்கிறது வேற கதை.

நீ புதுக்கோட்டையா? நாங்க அதுக்கு முன்னாடியே திருமயத்துல எறங்கிருவோம். நாங்கன்னா நானும் எங்க வீட்டுக்காரரும். அந்தா, டிரைவருக்குப் பின்னால ரெண்டாவது சீட்டுல, மடியில பெட்டியை வச்சுக்கிட்டு தூங்குறாரே, அவருதான். ஆர்மோனியப் பெட்டி அது. மேல வைங்கன்னு சொன்னாக் கேக்க மாட்டாரு.

நான் நாடகத்துல நடிக்கிறவ. கோயில் திருவிழாவுல போடுவாங்கள்ல, பாட்டு நாடகம், அது. பரமக்குடி மங்களேஸ்வரின்னா இந்தப் பக்கத்துல தெரியாத ஆளு இல்ல. உனக்குத் தெரியாது, நீ ஆஸ்பத்திரி வேலைக்காரப் புள்ள, பரவாயில்ல. இந்தா, இந்த நோட்டீசைப் பாரு. இன்னைக்குச் சாயந்திரம் நாடகம். என் பேருக்கு முன்னாடி என்ன போட்டிருக்கான் படி. "நடிப்பரசி." நல்லாத்தான் இருக்குங்கிற. ஆனா அது என் பட்டம் இல்ல தாயி. என் பட்டம் "அஞ்சரைக் கட்டை". அஞ்சரைக் கட்டை மங்களேஸ்வரின்னுதான் முப்பது வருசமா அச்சடிச்சான்.

கட்டைன்னா சுதி. ஆர்மோனியத்துல எந்தக் கட்டையைப் பிடிச்சுக்கிட்டுப் பாடுறமோ, அது. எண்ணு கூடக் கூட சுதி ஏறும். மத்த பொம்பளைங்க நாலு, நாலரையில பாடுவாங்க. நான் அஞ்சரை. அதுல பாடினா மைக்கு வேணாம், கண்மாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர்க்காரன் எந்திரிச்சு வருவான். வந்திருக்கான். நான் பொய் சொல்லல.

என்ன, வேலைக்குப் போயிட்டு வர்ற புள்ளைகிட்ட நான் இதையெல்லாம் சொல்றேன். நீ தூங்கணும்னா தூங்கு. இல்லையா? சரி.

போன வருசம் ஆனி மாசம் ஒரு காலேஜ் டீச்சரம்மா வீட்டுக்கு வந்துச்சு. நாடகக்காரங்களைப் பத்தி எழுதுதாம். எங்கிட்ட நிறையாக் கேட்டுச்சு. போறப்ப, "அம்மா, உங்களுக்கு ஒண்ணு கொண்டாந்திருக்கேன்"னு போனை எடுத்துப் போட்டுச்சு. என் பாட்டு. இருபத்தெட்டு வருசத்துக்கு முன்னாடி ஒரு திருவிழாவுல யாரோ கேசட்டுல பிடிச்சது. அதைப் போனுல ஏத்தி வச்சிருக்கு.

செண்பகதேவி நாடகத்துல வர்ற பாட்டு. கதை என்னன்னா, செண்பகதேவி ராணி. நாட்டைப் பறிகொடுத்துட்டா, கைக்குழந்தையையும் பறிகொடுத்துட்டா. எதிரி ராசா அந்தப் புள்ளையை அவன் மக மாதிரியே வளக்குறான். இவ வேலைக்காரியா அந்த அரண்மனைக்குள்ளயே போயிச் சேருறா. புள்ளைக்குக் கல்யாணம். கல்யாணத்தன்னைக்குத் தலை பின்னி விடுற வேலை இவளுக்கு வருது. நான்தான் உன் ஆத்தான்னு சொன்னா புள்ளையைக் கொன்னுருவான். சொல்லக்கூடாது. சொல்லாம, தலையைப் பின்னிக்கிட்டே பாடணும். கீழ ஆரம்பிச்சு ஏறி ஏறிப் போயி, கடைசியில "மகளே"ன்னு உச்சியில நிக்கணும். நான் நிப்பேன். ஒரு மூச்சுல நிப்பேன்.

போனுல அது ஓடுது. நான் கத்திரிக்காய் நறுக்கிக்கிட்டே கூடப் பாடுறேன். வாய் சும்மா இருக்காதுல்ல. பாடினா ஒட்டல. அது மேல போகுது, நான் கீழ கிடக்கேன். எட்டிப் பாக்குறேன், எட்டல. என் கூடவே என்னால பாட முடியல தாயி.

டீச்சரம்மா போனதும் அவரைக் கேட்டேன். வாசப்படியில உக்காந்து கடலை உரிச்சுக்கிட்டிருந்தாரு.

"ஏங்க, நான் இப்ப எத்தனை கட்டையில பாடுறேன்?"

"எப்பவும் பாடுறதுதான்."

"எப்பவும்னா?"

"கேசட்டு பழசு, மங்களம். டேப்பு இழுத்துக்கிட்டு வேகமா ஓடியிருக்கும். அதான் சுதி கூடத் தெரியுது."

அவரு பேரு வழிவிட்டான். கல்யாணம் ஆகி முப்பத்திரண்டு வருசத்துல அவரு எங்கிட்டப் பொய் சொல்லி நான் பாத்ததில்ல. அதனால நம்பிட்டேன். மறு வாரம் ஒரு ஊர்ல நாடகம். எங்களுக்கு மிருதங்கம் வாசிக்கிறது அந்தோணிசாமி, தம்பி மாதிரி. சும்மா பேச்சுவாக்குல, "டேப்பு வேகமா ஓடினா சுதி ஏறுமா அந்தோணி"ன்னு கேட்டேன். அவன் கீழ குனிஞ்சுக்கிட்டான். மிருதங்கத்து வாரை இழுக்கிறான், விடுறான், இழுக்கிறான்.

"என்னடா?"

"அக்கா, அஞ்சரைக்கு வச்சிருந்த சின்ன மிருதங்கத்தை நான் என் பேத்திக்குக் கொடுத்து ஆறு வருசம் ஆச்சு. இப்ப நீங்க பாடுறது நாலு."

நாலு. எல்லாருக்கும் தெரியும். அந்தோணிக்குத் தெரியும். ராஜா வேசம் கட்டுற சிங்கம்புணரி திருஞானத்துக்குத் தெரியும், அவருக்கும் அறுபது தாண்டிருச்சு, சுதி எறங்கினது அவருக்கும் சௌகரியம், வாயைத் திறப்பாரா. பபூனுக்குத் தெரியும். மைக்செட்காரனுக்குக் கூடத் தெரிஞ்சிருக்கும். எனக்குத்தான் தெரியாது. பாடுறவளுக்குத் தெரியாது.

உனக்கு எப்படித் தெரியாமப் போச்சுன்னு நீ கேக்கலாம். நான் மேடைக்குப் போனா பெட்டியைப் பாக்க மாட்டேன். அவரு சுதியைப் பிடிப்பாரு, நான் அதுல போயி நிப்பேன். வீட்டுக்குள்ள இருட்டுல சுவிட்சுக்குக் கை போகுமே, அப்படி. இடையில ஒரு ஆறேழு வருசமா எனக்கு நினைப்பு என்னன்னா, வயசாக ஆகத் தொண்டை பழுத்து வருது, பாடுறது லேசா ஆயிருச்சுன்னு. மத்த பொம்பளைங்ககிட்டப் பெருமை வேற பேசியிருக்கேன். அதை நினைச்சா இப்பவும் உடம்பு கூசுது.

வீட்டுக்கு வந்து அவரைக் கேட்டேன், அன்னைக்கும் கடலைதான் உரிச்சுக்கிட்டிருந்தாரு. மறைக்கல. ஒத்துக்கிட்டாரு.

"முத தடவை நீ காய்ச்சலோட பாடினியே, அன்னைக்கு அஞ்சரையை அஞ்சாக்கினேன். எறங்கி வந்து, இன்னைக்குத் தொண்டை எப்படி வந்துச்சு பாத்தீங்களான்னு கேட்ட. சிரிச்ச. அதுக்கப்புறம் எப்படி ஏத்துறது?"

"பெறகு?"

"ரெண்டு வருசம் கழிச்சு நாலரை. அப்புறம் நாலு."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ பயந்து பயந்து பாடுவ. பயந்தா உன் முகத்துல நடிப்பு நிக்காது, கவனம் முழுசும் தொண்டைக்குப் போயிரும். அப்புறம் அங்க செண்பகதேவி இருக்க மாட்டா, தொண்டை வலிக்கிற மங்களேஸ்வரிதான் இருப்பா."

முகத்தை வச்சு என்ன செய்யிறது, சொல்லு. பவுடரைப் போட்டா எல்லாருக்கும் முகம்தான். பாட்டு அப்படியா? சாப்பாட்டைக் கொறச்சு, தூக்கத்தைக் கொறச்சு, குளத்துத் தண்ணிக்குள்ள கழுத்து வரைக்கும் நின்னு நான் சேத்த சொத்து அது. எங்கிட்டக் கேக்காம ஒரு ஆளு அதைக் கொஞ்சங் கொஞ்சமா எடுத்திருக்காரு. நான் அப்படித்தான் சொன்னேன் அவருகிட்ட. அவரு கடலைத் தோலைக் கூட்டி அள்ளிக்கிட்டுப் போனாரு.

"இனிமே அஞ்சரையில வாசிங்க"ன்னேன்.

"வாசிக்க மாட்டேன்."

"ஏன்?"

"முடியாது உனக்கு."

முடியாதுன்னு எங்கிட்ட இது வரைக்கும் யாரும் சொன்னதில்ல. எங்க அப்பா சொன்னதில்ல, எனக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்த வாத்தியாரு சொன்னதில்ல. "அப்ப நீங்க வர வேணாம்"னேன். சரின்னுட்டாரு. துணியைச் சுருட்டிக்கிட்டு நான் பரமக்குடிக்கு என் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டேன்.

அடுத்த நாடகம் ஒரு அம்மன் கோயில்ல. செண்பகதேவிதான். குமரேசன்னு ஒரு ஆர்மோனியக்காரரை நானே சொல்லி வச்சேன். நாப்பது வயசு, நல்ல விரலு. "அஞ்சரை"ன்னேன். "சரிங்கம்மா"ன்னாரு. மறு பேச்சு இல்ல. அந்தோணி மட்டும் யாருகிட்டயோ சின்ன மிருதங்கத்தை இரவல் வாங்கியாந்து, எங்கிட்டக் கூடப் பேசாம உக்காந்திருந்தான்.

பத்து மணிக்குள்ள முடிக்கணும்னு போலீஸ்காரங்க சொல்லிட்டதால ஆறு மணிக்கே ஆரம்பம். முத பாட்டு வந்துருச்சு. வந்துச்சுன்னா, தள்ளிக் கொண்டு வந்தேன். ரெண்டாவது பாட்டுல மேல ஏறுறப்ப கீச்சுன்னு ஒரு சத்தம். யாருடான்னு பாத்தா நான்தான். பின்னால சின்னப் பயலுக சிரிச்சாங்க. திருஞானம் கூடப் பாடுற பாட்டுல அவரு எனக்குச் சேத்துப் பாடி மூடப் பாத்தாரு, அவருக்கும் எட்டல. ரெண்டு பேரும் கிழடுக மாதிரி நின்னோம். அதுக்கப்புறம் தலை பின்னுற சீன்.

மகளா நடிக்கிறது பூமயில்னு ஒரு புள்ள. எனக்கு முன்னால மணையில உக்காந்திருக்கு. சவுரி முடியை அவுத்து விட்டிருக்கு. குமரேசன் சுதியைப் பிடிச்சாச்சு. நான் வாயைத் திறக்குறேன். ஒண்ணும் இல்ல தாயி. காத்துதான் வருது. குழாயைத் திறந்தா தண்ணி வராம சீறும்ல, அது மாதிரி. ஊரு பூரா உக்காந்து பாக்குது.

என்ன செய்யிறது. கை சும்மா இருக்க முடியாதுல்ல, முடியை மூணாப் பிரிச்சேன். பின்னினேன். பாட்டு வந்துரும் வந்துரும்னு பாத்துக்கிட்டே பின்னுறேன், இந்தா, இப்படி, ஒண்ணு மேல ஒண்ணு. அடி வரைக்கும் பின்னியாச்சு. பாட்டு வரல. பின்னி முடிச்சா எந்திரிச்சுப் போகணும், சீன் அவ்வளவுதான். அதனால அவுத்துட்டேன். பின்னினது அத்தனையும் அவுத்துட்டு, முதல்ல இருந்து திரும்பவும் பின்னினேன். மகளேங்கிற இடம் வந்துச்சு. வாயைத் திறந்தேன், சத்தம் இல்ல, வாயை மூடிக்கிட்டேன். அந்தப் புள்ளை உச்சந்தலையில கையை வச்சேன், வைக்கப் போயி, வேலைக்காரி வைக்கக்கூடாதேன்னு எடுத்துட்டேன். அப்புறம் தரையில கிடந்த ஒரு மயிரை எடுத்து விரல்ல சுத்தி முந்தானையில முடிஞ்சுக்கிட்டேன். ஏன் அப்படிச் செஞ்சேன்னு தெரியல. பாடத்துல அதெல்லாம் கிடையாது. திருதிருன்னு முழிக்கிறவ கை என்னத்தையாவது செய்யும்ல.

அத்தனை நேரமும் ஆர்மோனியம் ஒத்தச் சுதிதான். வேற ஒரு ஸ்வரம் இல்ல. மிருதங்கமும் இல்ல. ஊரு சத்தமே இல்லாமப் போச்சு. எனக்கு ஒரே பயம், எல்லாரும் எந்திரிச்சுப் போயிட்டாங்களோன்னு. நிமிந்து பாத்தா முன் வரிசைப் பொம்பளைங்க வாயில முந்தானையை வச்சு அழுத்திக்கிட்டிருக்காங்க. பூமயில் எனக்கு முதுகைக் காட்டி உக்காந்த புள்ள, அது தோளு குலுங்குது.

உனக்கு என்ன, கண்ணுல தூசி விழுந்துருச்சா? சன்னலைச் சாத்திக்க. இந்த ரோட்டுல மண்ணு அதிகம்.

பாவம் பாத்து அழுதாங்க. வேற என்ன. நேத்து வரைக்கும் பாடினவ இன்னைக்கு வாயடைச்சு நிக்கிறாளேன்னு. நாடகம் முடிஞ்சு ஊர்ப் பெரியவரு ஒருத்தரு சால்வை போட்டாரு. போட்டுட்டு, "ஆத்தா, இத்தனை வருசத்துல இப்படி ஒண்ணை நாங்க பாத்ததில்ல"ன்னாரு. பாத்திருக்க மாட்டீக, மங்களேஸ்வரிக்குத் தொண்டை போயி நீங்க எங்க பாத்தீகன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். எனக்குத் தலையைத் தூக்க முடியல.

தொண்டை டாக்டர்கிட்டப் போனேன். குழாயை விட்டுப் பாத்தாரு. நோவு ஒண்ணும் இல்ல, வயசுதான்னாரு. முப்பது வயசு இருக்கும் அவருக்கு. வயசைப் பத்தி அவருக்கு என்ன தெரியும்.

தங்கச்சி வீட்டுலயே மூணு மாசம் கிடந்தேன். நாடகத்துக்குக் கூப்பிட்டு ஆளு வருது, போனு வருது. எல்லாம் ஒரே பேச்சு. "அந்தப் பாடாத சீனு வேணும்மா. பாடாமப் பின்னுவீங்களே, அது." பாட்டுக்காரியைக் கூப்பிட்டுப் பாடாதேங்கிறான். கறி வாங்கப் போனவன் கசாப்புக்காரனைப் பாத்து, கத்தியை மட்டும் தீட்டிக் காட்டுன்னு சொல்லுவானா? யாருக்கும் வரலைன்னுட்டேன்.

ஒரு நாள் குமரேசன் வந்தாரு. நான் விட்டுட்டு வந்த சலங்கைப் பையைக் கொடுக்க. காப்பி போட்டுக் கொடுத்துட்டுச் சொன்னேன், "தம்பி, அன்னைக்கு நீ ஒத்தச் சுதியை விடாமப் பிடிச்சே பாரு, அதுதான் என்னை விழாம நிப்பாட்டுச்சு. வேற ஆளா இருந்தா என்னத்தையாவது வாசிச்சு அசிங்கப்படுத்தியிருப்பான். உனக்கு நல்ல ஞானம்."

அவரு காப்பியைக் கீழ வச்சுட்டாரு. "அம்மா, அது எனக்கு எங்க தெரியும். அன்னைக்கு மத்தியானம் வழிவிட்டான் அண்ணன் போன் பண்ணினாரு. அஞ்சரை கேப்பா, மறுக்காமக் கொடு. தலை பின்னுற சீன்ல தொண்டை நின்னுரும். நின்னா பதறி எதையும் வாசிச்சிராத. சுதியை மட்டும் பிடி. எவ்வளவு நேரமானாலும் பிடி. மிச்சத்தை அவ பாத்துக்குவான்னாரு."

எனக்கு வந்த கோவம் இருக்கே. இன்ன இடத்துல எனக்குத் தொண்டை நிக்கும்னு மத்தியானமே தெரிஞ்சிருக்கு ஒரு மனுசனுக்கு. எனக்குத் தெரியல. நேர்ல கேட்டுருவோம்னு கிளம்பினேன். மதுரையில நடிகர் சங்கத்து ஆண்டு விழா, பகல் நாடகம். அவரு அங்க வாசிக்கிறாருன்னு தெரியும்.

கூட்டத்துல பொம்பளைங்க பக்கம் போயி உக்காந்தேன். நாடகத்தை முன்னால உக்காந்து பாக்குறது எனக்கு அதுதான் முத தடவை. வினோதினின்னு இருபத்தி நாலு வயசுப் புள்ள பாடுது. அஞ்சரை. நின்னு பாடுது. ஒரு குத்தம் சொல்ல முடியாது. ஆனா நான் அந்தப் புள்ளையைப் பாக்கல. இவரைத்தான் பாத்தேன். விரலு என்னா ஓட்டம் ஓடுது. ஸ்வரம் ஸ்வரமாக் கொட்டுறாரு. கண்ணு ரெண்டும் கட்டை மேலயே இருக்கு. கூட்டம் ஆர்மோனியத்துக்குக் கை தட்டுது. முப்பத்திரண்டு வருசத்துல இப்படி ஒரு வாசிப்பை எனக்கு அவரு வாசிச்சதே இல்ல.

எனக்கு வயித்தெரிச்சல். ஆமா, சொல்றதுக்கு என்ன. போன் விசயம் மறந்து போச்சு, கட்டை விசயம் மறந்து போச்சு. முடிஞ்சதும் பின்னால டீக்கடையில போயி நின்னேன். என்னைப் பாத்துட்டு இன்னொரு டீ சொன்னாரு, சீனி இல்லாம. ஆளு இளைச்சுப் போயிருந்தாரு. சட்டையில பொத்தான் மாத்திப் போட்டிருந்தாரு.

"அந்தப் புள்ளைக்கு அப்படி வாசிக்கிறீங்க. எனக்கு ஏன் ஒரு நாளும் வாசிக்கல?"ன்னு கேட்டேன்.

அவரு டீயை ஆத்துறாரு, ஆத்துறாரு. அப்புறம் சொன்னாரு, "உனக்கு வாசிக்கிறப்ப நான் எங்க கட்டையைப் பாத்தேன்? உன்னையத்தானே பாத்துக்கிட்டிருப்பேன். கை அது பாட்டுக்குக் கிடக்கும்."

பாத்தியா? வேலைக்கு வந்த மனுசன் வேலையைக் கவனிக்கணும்ல? வாசிக்கிறவன் வாசிப்புல கண்ணு வைக்கணும்ல? ஊர்க்காரன் நாடகம் பாக்கலாம், ஆர்மோனியக்காரனும் நாடகம் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா? நான் இதை அவருகிட்டயே கேட்டேன். "தப்புதான்"னாரு. நான் பொத்தானைச் சரியாப் போட்டு விட்டேன். ரெண்டு பேரும் அப்படியே பஸ் ஏறி வீட்டுக்கு வந்துட்டோம்.

அதுக்கப்புறம் இது ஒம்பதாவது நாடகம். நாலு கட்டைதான். இப்ப ஒளிவு மறைவு இல்ல, நானே "நாலு"ன்னு சொல்லிட்டு ஏறுறேன். சொல்றப்ப நாக்கு கொஞ்சம் தடுமாறத்தான் செய்யுது. மத்த பாட்டெல்லாம் பாடிருவேன். அந்த சீன் மட்டும் ஊருக்கு ஊரு பாடாமத்தான் வேணும்னு எழுதி வாங்கிக்கிறாங்க. நாலு கட்டையில எனக்கு அதைப் பாட முடியும் தாயி. வீட்டுல பாடிப் பாத்துட்டேன். மகளேங்கிற இடம் கூட நிக்குது. இன்னைக்குப் பாடிருவோமான்னு இருக்கு. அவருகிட்டக் காலையில கேட்டேன். "உனக்கு வந்தா பாடு, வரலைன்னா பிடிச்சுக்கிட்டு இருக்கேன்"னாரு. அவருக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

கோட்டை தெரியுது பாரு, திருமயம் வந்துருச்சு. நான் போயி அவரை எழுப்புறேன், பெட்டியோட எந்திரிக்க அவருக்கு நேரமாகும். நீ சாயந்திரம் வேணும்னா வா, பஸ் ஸ்டாண்டுல இருந்து நடந்து வர்ற தூரந்தான். முன்னாடியே வந்துரு. எனக்குப் பாட்டு வந்துரக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டு ஒரு ஊரே வந்து உக்காந்திருக்கும், இடம் கிடைக்காது.